லூக்கா சொன்ன வைத்தியசாலை

மாக்சிம் கோர்க்கியின் ‘அடித்தளத்திலே’ என்னும் நாடகம் 1902ஆம் ஆண்டின் இறுதியிலே மொஸ்கோ கலை அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. குகை போன்றதொரு நிலவறை. அதிலே திருடன், சூதாடி, பூட்டுத் தொழிலாளி, சாகக் கிடக்கும் அவன் மனைவி, ஒருகாலத்திற் பிரபுவாக இருந்தவன் என்று பலர் ஒண்டிக் கிடக்கின்றனர். அவர்களுள் ஒருவனை எல்லோரும் ‘நடிகன்’ என்றே அழைக்கின்றனர். மேடையிலே அவனுக்கொரு பெயர் இருந்தது. இங்கு அதற்குத் தேவையில்லாமற் போயிற்று. தன் உடல் முழுவதும் மது நஞ்சாகிவிட்டது என்று வைத்தியர் கூறியதை, ஏதோ பட்டம் பெற்றவன்போல அவன் சொல்லித் திரிகிறான். அந்நிலவறைக்கு லூக்கா என்ற முதிய யாத்திரிகன் வந்து சேர்கிறான். குடிகாரரை இலவசமாகவே குணப்படுத்தும் வைத்தியசாலை ஒன்று எங்கோ ஒரு நகரிலே இருக்கிறதென்று அவன் நடிகனுக்குச் சொல்கிறான். நகரின் பெயர் மட்டும் அவனுக்கு நினைவில் வரவில்லை. பெயரில்லாத அந்நகரத்து வைத்தியசாலையைப் பளிங்குத் தரையும் வெளிச்சமும் சுத்தமும் நல்லுணவும் உடையதாக நடிகன் தன் மனத்திலே கட்டியெழுப்பிக்கொள்கிறான். நாலாம் அங்கத்திலே லூக்கா இல்லை. நடிகன் தூக்கிட்டு இறக்கிறான்.

இந்நாடகத்தைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே நின்றனர். ஆறுதல் தரும் பொய் வேண்டுமா, சுடுகின்ற உண்மை வேண்டுமா? லூக்காவா, சாத்தினா? கோர்க்கியே பிற்காலத்தில் லூக்கா போன்ற ஆறுதற்காரரை வன்மையாகக் கண்டித்தார். முற்போக்கு விமர்சனமும் அத்தீர்ப்பையே வழிமொழிந்து வந்துள்ளது. அதனை மறுப்பது இங்கு நம் நோக்கமன்று. ஆயின் லூக்காவின் பேச்சிலே பொய்யினும் பாரதூரமான ஒன்று உண்டு. அதனைக் கவனித்தோர் சிலரே. நகரின் பெயரைப் பிறகு சொல்கிறேன், அதற்கிடையில் நீ உன்னை ஆயத்தப்படுத்திக்கொள், குடியாமற் பொறுத்திரு என்கிறான் அவன். குடியைக் குணமாக்கும் இடத்துக்குச் செல்வதற்கு முதற் தகுதி குடியை விட்டிருத்தல்! மூன்றாம் அங்கத்திலே நடிகன் வீதி கூட்டி உழைத்த இரு நாணயங்களைக் காட்டி, அன்று தான் குடிக்கவில்லை என்று பெருமிதத்தோடு கூறுகிறான். நிபந்தனையை அவன் ஒருநாள் நிறைவேற்றியே காட்டினான். மறுநாளும் அதனை நிறைவேற்றுவதற்கு வேண்டிய எதுவும், உணவோ வைத்தியமோ தனக்கென்று ஒரு கட்டிலோ, அந்நிலவறையிலே இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டிலே செல்வம் மிகுந்த நாடுகளில் லூக்காவின் வைத்தியசாலை உண்மையாகவே கட்டப்பட்டது. நகரின் பெயரும் தெரியும். வீதியின் இலக்கமும் தெரியும். ஆனால் லூக்காவின் நிபந்தனை வாசலிலேயே நின்றது. வீடற்றோருக்கான புகலிடங்கள் பெரும்பாலானவற்றிலே குடிபோதையோடு வந்தவனுக்கு இடமில்லை; போத்தலோடு வந்தவனுக்கு நிச்சயமாக இடமில்லை. சிகிச்சை பெற விரும்பினால் முதலிற் குடியை நிறுத்து. வீடு வேண்டுமென்றால் முதலிற் சிகிச்சையை முடி. இவ்வொழுங்கு பார்வைக்கு நியாயமானதுபோலத் தோன்றும். ஆனால் நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் குடித்து வந்தவனின் உடல் இந்நியாயத்தை ஏற்பதில்லை. மதுவின் அடக்கும் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஈடுகொடுத்து அவன் மூளை நிரந்தரமானதொரு கிளர்ச்சி நிலைக்குப் பழகிவிடுகிறது. மதுவைத் திடீரென்று நிறுத்தினால் அக்கிளர்ச்சி கட்டற்றுப் பாய்கிறது. கை நடுங்கும், வியர்க்கும், இரண்டொரு நாளுக்குள் வலிப்பு வரலாம், இல்லாதவை கண்ணுக்குத் தெரியும், சித்தம் கலங்கி மரணமும் நேரலாம். வைத்தியரின் கண்காணிப்பின்றி வீதியோரத்திலே இத்தகையவனிடம் இன்றே குடியை விடு என்பது, அவனைச் சாவோடு சூதாடச் சொல்வதாகும்.

குடிக்கப் பணமில்லாதபோது அவன் என்ன செய்கிறான் என்பதையும் அறிதல் வேண்டும். வாய்கொப்புளிக்கும் மருந்தைக் குடிக்கிறான். கைக்குப் பூசும் கிருமிநீக்கியைக் குடிக்கிறான். வைத்தியத்தில் மேற்பூச்சாகப் பயன்படும் மதுசாரத்தைத் தண்ணீரில் கலந்து குடிக்கிறான். சுவைக்காகவோ களிப்புக்காகவோ குடிப்பவன் இவற்றைத் தொடமாட்டான். நடுக்கத்தை நிறுத்துவதற்காகவே இவை குடிக்கப்படுகின்றன.

கனடாவின் ரொறன்ரோ நகரம் நம்மவருக்கு அந்நியமானதன்று. நம் வீடுகள் பலவற்றிலிருந்து ஒருவராவது அங்கே சென்று குடியேறியிருக்கிறார். அந்நகரிலே 1995-96 குளிர்காலத்தில் வீடற்ற ஆடவர் மூவர் வெட்டவெளியிலே விறைத்து இறந்தனர். 1996இல் நடைபெற்ற மரண விசாரணையிலே ஜூரிமார் வெளியிட்ட பரிந்துரைகள் ஒரு புதிய முயற்சிக்கு வழிதிறந்தன. நகரசபை நடத்திய சீற்றன் ஹவுஸ் என்ற பெரிய ஆடவர் புகலிடத்தின் ஒரு பகுதியிலே குடிப்பவரைக் குடிப்பவராகவே ஏற்றுக்கொள்ளும் ஒழுங்கு தொடங்கிற்று. உள்ளே வருபவனுக்குக் குறித்த நேரங்களிலே அளவிட்ட மது வழங்கப்பட்டது. கடுங்குளிரிலே போத்தலுக்காக வெளியே சென்று விறைத்துச் சாவதைக் காட்டிலும், உள்ளே இருந்து ஒரு கோப்பை வைனைக் குடித்துவிட்டுக் கட்டிலிலே படுத்திருப்பது மேலென்ற எளிய கணிப்பே அதன் அடிப்படை. தீங்கு குறைப்பு என்று இன்று வழங்கும் கொள்கையை மதுவுக்குப் பிரயோகித்த தொடக்ககால முயற்சிகளுள் இஃதொன்று.

ஒட்டாவா நகரின் முயற்சியைப் பற்றிக் கனேடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. காலை ஏழு மணி தொடக்கம் இரவு பத்து மணி வரை, கேட்பவர்க்கு மணிக்கு ஒருமுறை, 140 மில்லிலீற்றர் வரை வைன், அன்றேல் 90 மில்லிலீற்றர் வரை ஷெரி. இதுவே அங்கு வழங்கிய அளவு. ஆய்வுக்குட்பட்டோர் பதினேழு பேர். சராசரி வயது 51. குடிநோயோடு வாழ்ந்த காலம் சராசரி 35 ஆண்டுகள். அதாவது, பதினாறு பதினேழு வயதிலிருந்தே மதுவோடு வாழ்ந்தவர்கள். சராசரியாக 16 மாதங்கள் அவர்கள் திட்டத்திலே இருந்தனர். முன்பு அப்பதினேழு பேரும் சேர்ந்து மாதமொன்றுக்கு 13.5 தடவை அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றனர். திட்டத்திலே சேர்ந்தபின் அது எட்டாகக் குறைந்தது. பொலிசாரோடு ஏற்பட்ட சந்திப்புகள் மாதத்துக்கு 18.1இலிருந்து 8.8 ஆகக் குறைந்தன. குடியின் அளவும் குறைந்ததென்று அவர்கள் கூறினர். உடற்சுத்தமும், மருந்தை ஒழுங்காக உட்கொள்ளும் வழக்கமும் மேம்பட்டன. இம்முயற்சியின் முன்னோடிகளுள் ஒருவரான வைத்தியர் ஜெவ் ரேர்ன்புல் பின்னர் அச்சங்கத்துக்கே தலைவரானார். அந்நகரிலே தொடங்கிய ‘த ஓக்ஸ்’ என்னும் இல்லத்திலே வைனையும் தாமே வடித்தெடுத்தனர்.

அமெரிக்காவின் சியாற்றில் நகரம் வேறொரு வழியைக் கண்டது. 2005இன் இறுதியிலே 75 பேருக்கான ஒரு தொடர்மாடி இல்லம் அங்கே திறக்கப்பட்டது. அது மதுவை வழங்கவில்லை, குடிப்பதைத் தடுக்கவுமில்லை. தன் அறையிலே தன் போத்தலோடு ஒருவன் இருக்கலாம். கதவுக்குத் திறப்பு அவன் கையில். குடியை விடுவதாக அவன் ஒப்பமிட வேண்டியதில்லை. அயலிலே நிலமும் வர்த்தகமும் உடையோர் வழக்குத் தொடுத்தனர். குடிகாரருக்கு மக்களின் வரிப்பணத்தில் மாளிகையா என்று பத்திரிகையாளர் சிலர் எள்ளிநகையாடினர். 2009இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையிலே வெளியான ஆய்வு, இல்லத்தில் இடம்பெற்ற 95 பேரையும் இடத்துக்காகக் காத்திருந்த 39 பேரையும் ஒப்புநோக்கியது. இடம்பெற்றவர்க்காகப் பொலிஸ், சிறை, வைத்தியசாலை முதலியன செலவிட்ட தொகை முன்பு ஆளொருவருக்கு மாதம் 4066 டொலர் என்ற நடுமட்டத்தில் இருந்தது. ஆறு மாதத்தின்பின் 1492 டொலராகவும், பன்னிரண்டு மாதத்தின்பின் 958 டொலராகவும் அது இறங்கிற்று. குடியை விடும்படி எவரும் வற்புறுத்தாத அவ்வில்லத்திலே குடியின் அளவும் காலப்போக்கிற் குறைந்தது.

இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரிய செய்திகளே. எண்களை எண்களாகவே பார்க்கும்போது சில எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன. பதினேழு பேரைக் கொண்டு உலகுக்கு விதி செய்ய இயலாது. உலகெங்குமுள்ள மருத்துவ ஆய்வுகளைச் சலித்தெடுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2012இலே இவ்விடயத்தை ஆராய்ந்தபோது, தன் கடுமையான அளவுகோலுக்குட்பட்ட ஆய்வு ஒன்றேனும் கிடைக்கவில்லை என்று அறிவித்தது. மணிக்கொரு கோப்பை வைன் விபத்தையும் விறைப்பையும் நஞ்சையும் தடுக்கலாம். அது ஈரலைக் காக்கும் என்று எவரும் உறுதி கூறவில்லை. ஆயினும் நம் விமர்சனம் ஆய்வின் சிறுமை பற்றியதன்று. எண்கள் உண்மையாகவே இருக்கட்டும். அவை எதனை எண்ணின என்பதே வினா.

அவை பெரும்பாலும் டொலரை எண்ணின. இத்திட்டங்களுக்காக வாதாடுவோர் சபைகளிலும் பத்திரிகைகளிலும் முதலில் எடுத்துவைப்பது இதுதான்: வீதியிலே கிடக்கும் குடிகாரன் அதிகம் செலவு வைக்கிறான், வீட்டிலே வைத்தால் குறைவாகச் செலவு வைப்பான். மால்கம் கிளாட்வெல் 2006இல் ‘நியூ யோர்க்கர்’ சஞ்சிகையிலே எழுதிய கட்டுரை இவ்வாதத்தை உலகறியச் செய்தது. நெவாடா மாநிலத்து ரீனோ நகரிலே ஒரு குடிகாரர் வீதியிற் கழித்த பத்தாண்டுக் காலத்தில், அவருக்காக அரசும் வைத்தியசாலைகளும் செலவிட்டது பத்து இலட்சம் டொலரளவு என்று அங்குள்ள பொலிசார் கணக்கிட்டனர். அக்கட்டுரை திறமையாக எழுதப்பட்டது, மனிதத்தன்மையோடும் எழுதப்பட்டது. அம்மனிதர் கண்காணிப்பின்கீழ் இருந்தபோது வேலைசெய்து பணமும் சேர்த்தார், கண்காணிப்பு முடிந்ததும் பழைய நிலைக்கே திரும்பினார் என்ற செய்தி அதிலே உண்டு. இது லூக்காவின் நடிகனுக்கு நேர்ந்ததே. ஆனால் கட்டுரை இவ்விடத்திலே தங்கவில்லை. கணக்கேட்டை நோக்கி விரைகிறது. மிகுந்த செலவு வைக்கும் சிலரைத் தேர்ந்து வீடு கொடுப்பதே இலாபம் என்ற முடிவுக்குத்தான் அது வந்து சேர்கிறது.

அப்படியாயின் செலவு வைக்காத குடிகாரனின் கதி என்ன? பாலத்தின்கீழே சத்தமின்றிக் கிடப்பவன், அம்புலன்ஸை அழைக்காதவன், பொலிசாரைக் கண்டதும் ஒதுங்கிப் போய்விடுபவன், ஒருநாள் விடியற்காலையில் அமைதியாகச் செத்துக் கிடப்பவன், இவன் எக்கணக்கேட்டிலும் இல்லை. கணக்கின்படி பார்த்தால் மலிவானவன் அவனே. செத்தவன் இன்னும் மலிவு. இலாபத்தைக் காட்டி வாங்கிய கூரை இலாபம் நின்றதும் பிடுங்கப்படும். வீடு பெற்றவன் முதுமையடைகிறான். ஈரல் நோயும் மறதி நோயும் வருகின்றன. அவனுக்கு நீண்டகாலப் பராமரிப்பு வேண்டியிருக்கிறது. வீதியிலே ஐம்பது வயதில் இறந்திருக்க வேண்டியவன் அறுபத்தைந்து வரை வாழ்கிறான். பதினைந்து ஆண்டுகளின் செலவு! திட்டம் மனிதனுக்கு வெற்றி பெறுகின்ற அளவுக்குக் கணக்குக்குத் தோல்வியடைகிறது.

சான் பிரான்சிஸ்கோவிலே நடந்தது இதற்குச் சான்று. 2020இலே கொரோனாத் தொற்றின்போது, தனிமைப்படுத்தப்பட்ட வீடற்றோர் மது கிடையாமல் நடுக்கத்தால் இறந்துவிடக்கூடாதென்பதற்காக அந்நகரின் பொதுச் சுகாதாரத் திணைக்களம் இத்திட்டத்தைத் தொடங்கியது. 2024 மே மாதத்தில் அதற்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 50 இலட்சம் டொலர் செலவாகிறதென்ற செய்தி பரவிக் கண்டனம் மூண்டது. மக்கள் பணத்திலே குடிகாரருக்குச் சாராயமா என்றனர் ஒருசாரார். வைத்தியசாலைச் செலவிலே மிச்சம் பிடிக்கிறோம் என்றனர் மறுசாரார். இருசாராரும் ஒரே தராசின் இரு தட்டுகளிலே நின்றனர். தராசை ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டவர் குறைவு. சிறுநீரக நோயாளிக்கு இரத்தச் சுத்திகரிப்பு அளிக்கும்போது, இவன் செத்தால் எவ்வளவு மிச்சம் என்று சபையிலே கணக்குக் கேட்பதில்லை. குடிநோயாளியிடம் மட்டும் கேட்கிறோம். அவன் தன் நோயைத் தானே வாங்கிக்கொண்டவன் என்ற தீர்ப்பை நாம் முன்கூட்டியே எழுதிவிட்டதுதான் காரணம்.

இனி இடதுசாரி அணியிலிருந்தே எழும் ஒரு மறுப்பைக் கவனிக்க வேண்டும். உரிமை கேட்க வேண்டிய ஏழையை அரசே மணிக்கொருமுறை மதுவூட்டி மயக்கிக் கிடத்துவதற்கு முற்போக்கு என்று பெயரா என்பது அம்மறுப்பு. இதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஏனெனில் அளவிட்டு மது வழங்கியதற்கு வரலாற்றிலே கொடிய முன்மாதிரி உண்டு. தென்னாபிரிக்காவின் கேப் பிரதேசத்துத் திராட்சைத் தோட்டங்களிலே தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பகுதியாக நாளொன்றுக்குப் பல தடவை வைன் ஊற்றிக் கொடுக்கும் ‘டொப்’ முறை நூற்றாண்டுக் கணக்காக நிலவியது. 1960களிலே சட்டம் அதனைத் தடுத்த பின்னரும் நெடுங்காலம் அது மறையவில்லை. கருவிலேயே மதுவால் ஊறுபட்ட குழந்தைகள் அப்பிரதேசத்திலே உலகிலேயே மிக அதிகமாகப் பிறக்கும் நிலைக்கு அது வழிவகுத்தது. நம் நாட்டிலும் குடியேற்ற அரசு சாராயக் குத்தகையால் வருமானம் பெருக்கியதையும், தோட்டத் தொழிலாளியின் கூலி தவறணையிலே கரைந்ததையும் மறந்துவிட முடியாது.

டொப் முறையிலும் அகப்பையால் அளந்து ஊற்றினர். ஒட்டாவாவிலும் அளந்து ஊற்றுகின்றனர். வேறுபாடு எங்கே? கேப் தோட்டத்திலே மது ஊற்றியது உழைப்பைப் பிழிவதற்காக, அதைக் குடித்தவன் கடனிலும் போதையிலும் அத்தோட்டத்தோடு பிணைக்கப்பட்டான், குடியாதவன் குடிகாரனானான். ஒட்டாவாவிலே மதுவோடு கட்டில் வருகிறது, உணவு வருகிறது, தாதி வருகிறாள், வைத்தியர் வருகிறார். ஊற்றுபவனுக்கு அவனிடமிருந்து எடுப்பதற்கு எதுவுமில்லை. நெடுங்காலம் குடித்தவனே அங்கு அனுமதிக்கப்படுகிறான்; அவனும் வேண்டாமென்றால் கோப்பையைத் தள்ளிவைக்கலாம். ஆகவே இரண்டையும் ஒன்றெனக் கூறுவது மேலெழுந்த பார்வை. எனினும் மறுப்பிலே ஓருண்மை எஞ்சுகிறது. கட்டிலும் தாதியும் வைத்தியரும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, மலிவான கோப்பை மட்டும் மிஞ்சும் நாளிலே ஒட்டாவாவுக்கும் கேப் தோட்டத்துக்கும் இடைவெளி குறுகிவிடும். கணக்கேடு அவ்வழியேதான் இழுக்கும். வாதத்தைச் செலவின்மேல் கட்டுவது எத்துணை அபாயமானது என்பதற்கு இஃதொரு காரணம்.

குடிகாரனைப் பற்றிய சோஷலிஸ்டுகளின் மரபு ஒரே குரலிற் பேசியதன்று. ஏங்கெல்ஸ் 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலை பற்றி எழுதியபோது, அவர்களுடைய குடியை ஒழுக்கக்கேடாகக் கொள்ளாமல் அவர்கள் வாழ்ந்த நிலைமைகளின் தவிர்க்கமுடியாத விளைவாகவே கண்டார். மூன்றாண்டு கழித்து வெளியான கம்யூனிஸ்ட் அறிக்கையோ, சமுதாயத்தின் அடியிலே ஒதுக்கப்பட்டோரை நம்பத்தகாத கூட்டமாகவே பார்த்தது. பெல்ஜியத்திலே தொழிலாளர் கட்சித் தலைவர் எமில் வான்டர்வெல்டே நீதி மந்திரியாயிருந்து 1919இற் கொண்டுவந்த சட்டம், கடைகளிலே கடும் மதுவைக் கோப்பையாக ஊற்றி விற்பதைத் தடைசெய்தது. வீட்டுக்கு வாங்குவதாயின் குறைந்தது இரண்டு லீற்றர் வாங்கவேண்டும் என்றது. இரண்டு லீற்றருக்குப் பணமுள்ள பணக்காரனுக்கு அது தடையாயிருக்கவில்லை. சோவியத் ரஷ்யாவிலே 1967 தொடக்கம் தீராக் குடிகாரரை இரண்டாண்டு வரை அடைத்துவைத்து உழைப்பினாலே திருத்தும் நிலையங்கள் அமைக்கப்பட்டன. வைத்தியம் என்ற பெயர் அவற்றுக்கு உண்டு. வாசலிலே பூட்டும் உண்டு. கோர்க்கியின் நாட்டிலேயே நடிகனுக்குக் கிடைத்த வைத்தியசாலை இதுதான். நம் முற்போக்குச் சிறுகதைகளிலும் குடிகாரன் மனைவியை அடிப்பதற்காக வருகிறான். அன்றேல் சங்கத்திலே சேர்ந்து கடைசிப் பக்கத்திலே திருந்துவதற்காக வருகிறான். திருந்தாதவனுக்கு, திருந்தவியலாதவனுக்கு அக்கதைகளிலும் இடமில்லை. லூக்காவின் நிபந்தனை நம் கதாசிரியர் கையிலும் இருக்கிறதென்றே கொள்ளவேண்டும்.

கனேடிய ஒன்ராறியோ மாகாணத்தின் வடமேற்கே தண்டர் பே நகரிலே 2012இற் தொடங்கிய ‘க்வே கீ வின்’ என்ற இல்லத்தை நோக்கும்போது வேறொரு பரிமாணம் புலப்படுகிறது. அதன் பெயரே பூர்வீகக் குடிகளின் மொழியைச் சேர்ந்தது. அங்கு வாழ்ந்தோரிற் பெரும்பாலோரும் அம்மக்களே. அவர்களது நிலம் பறிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒன்றரை இலட்சம் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, மொழியை மறக்கச் செய்யும் விடுதிப் பாடசாலைகளிலே அடைக்கப்பட்டனர். 2015இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு இதனைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே பதிவுசெய்தது. இந்தியச் சட்டம் என்று பெயரிய அந்நாட்டுச் சட்டம் நெடுங்காலம் அம்மக்களுக்கு மது விற்பதையே குற்றமாக்கியிருந்தது. ஏனையோருக்குக் குற்றமாகாத இடத்திலும் பூர்வீகக் குடியினன் போதையிலே நிற்பது தனிக் குற்றமாயிருந்தது. 1969இலேதான் உயர் நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாததாக்கிற்று. வீட்டில் வைத்து ஆறுதலாகக் குடிக்க முடியாதவன் ஒளித்து, ஒரே மூச்சில், அகப்பட்டதைக் குடிப்பான். தடைச்சட்டமே குடிக்கும் முறையை வகுத்துக் கொடுத்தது. இத்தகைய வரலாற்றின் பிள்ளைக்கு மணிக்கொரு கோப்பை வைன் எதனை ஈடுசெய்யும்? நிலத்தை அது மீட்டுக் கொடாது. ஆனால் நிலம் மீளும்வரை உயிரோடிருப்பதற்கு அவனுக்கு உரிமையுண்டு. புரட்சி வந்தபின் வீடு தருகிறோம் என்பதும் லூக்காவின் வாக்குறுதி போன்றதொன்றே.

இத்திட்டங்களிலே போற்றத்தக்கது, குடிகாரனை நோக்கி ‘முதலில்’ என்ற சொல்லைக் கைவிட்டதுதான். கூரைக்கு விலையாக ஒழுக்கத்தைக் கேட்காமல் விட்டது சிறிய காரியமன்று. அதனைக் கைவிட்ட வைத்தியரும் தாதியரும் சமூக ஊழியரும் தம் வெற்றியைச் சொல்லும்போது மட்டும் ஏன் கணக்கப்பிள்ளையின் மொழியிலே பேசவேண்டியிருக்கிறது? அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. வேறு மொழியிலே பேசினால் பணம் கிடையாது என்பதை அவர்கள் அறிவர். அவர்களுக்கு வேறு மொழியைத் தரவேண்டிய பொறுப்பு ஆசிரியருக்கும் எழுத்தாளருக்கும் அரசியல் இயக்கத்தாருக்கும் உரியது.

வன்கூவர் நகரின் ஈஸ்ற்சைட் பகுதியிலே அம்மொழியின் தொடக்கத்தைக் காணலாம். அங்கு மது வாங்க வசதியின்றி வாய்கொப்புளிக்கும் மருந்தையும் மேற்பூச்சு மதுசாரத்தையும் குடித்து வந்தவர்களே கூடித் தமக்கென ஒரு குழுவை அமைத்தனர். அதனோடு தொடர்ந்து ஒரு கூட்டுறவு வடிப்பு முயற்சியும் எழுந்தது. அங்கத்தவர் தாமே பியரும் வைனும் வடித்துத் தமக்குள் மலிவாகப் பகிர்ந்துகொண்டனர். அக்குழுவின் கூட்டங்களிலே அவர்கள் பேசியவற்றை அடிப்படையாகக் கொண்ட ஓர் ஆய்வு 2018இல் வெளியாயிற்று. தமக்கு நேரும் தீங்குகள் எவையென்று கேட்கப்பட்டபோது, குடித்த பொருளின் நஞ்சோடு அவர்கள் நிறுத்தவில்லை. குடிப்பதற்குப் பாதுகாப்பான இடமின்மையைச் சொன்னார்கள், அடிபடுவதைச் சொன்னார்கள், மது கிடையாத வேளையின் நடுக்கத்தைச் சொன்னார்கள், பொலிசார் கையிலிருக்கும் போத்தலைப் பறித்து வீதியிலே ஊற்றிவிடுவதையும் சொன்னார்கள். போத்தலைப் பறித்தவன் தீங்கைக் குறைத்ததாகவே நினைத்திருப்பான். பறிகொடுத்தவனோ வலிப்பு வருமுன் எதையேனும் தேடிக் குடிக்கவேண்டும்; கிருமிநீக்கிப் போத்தல் அருகிலுள்ள கடையிலேயே இருக்கிறது.